சுவர்ப் பக்கம் திரும்புங்கள்

1997 நவம்பர் 15, சனி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். டேட்டாபேஸோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் பெட்டியை புரோகிராமின் முதல் ஜன்னலில் சரியாகத்தான் வைத்தேன். அடுத்த ஜன்னலுக்கும் வேண்டுமே என்று அதையே நகலெடுத்து ஒட்டினேன். அதற்கடுத்த ஜன்னலிலும் ஒட்டினேன். இப்போது எந்த ஜன்னலைத் திறந்தாலும் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்கிறது. எதை மாற்றினால் கேட்காது என்று தெரியவில்லை. கௌரிசங்கர் சார் கிளம்பிப் போய்விட்டார். நாளைக் காலை மண்டபத்தில் காட்ட வேண்டும். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் இப்படி நினைத்த எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை.

சுலோசனா, மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர். யார் யாரைக் கேட்டார்கள், லைன் கிடைத்ததா, கிடைக்காவிட்டால் யார் யாரைத் திட்டினார்கள் என்று பகலெல்லாம் குறித்துக்கொண்டே இருப்பவள். அந்தக் கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. அன்றாடம் செய்ததை எழுதி, அதில் தவறு எது என்று கோடு போட்டு, அடுத்த நாளுக்கான வேலையைக் கடைசி வரியில் எழுதிவைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தவறு இல்லாத நாளில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் வந்து, அதனாலும் தூக்கம் வராது.

தொழிற்சாலையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கப் போகிறார்கள். "மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட் கொண்டு வா, அந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா பெங்களூர்லேர்ந்து ஆள் வரும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாலை வகுப்பில் அந்தச் சர்ட்டிபிகேட் கிடைக்க இரண்டு விஷயம் வேண்டும். எழுதிய புரோகிராமை ஆசிரியர் கௌரிசங்கர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நிஜமாகவே உபயோகிக்கும் ஒருவர், 'திருப்திகரமாக வேலை செய்கிறது' என்று கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சுலோசனா தேடிப் பிடித்த அந்த ஒருவர்தான் சாம்பசிவன்.

சாம்பசிவன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர்–சாமராஜநகர் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது யாதவகிரியில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து கட்டிய கல்யாண மண்டபத்துக்குச் செயலாளர். யாரோ ஒரு உறுப்பினர் நன்கொடையாகக் கொடுத்த கம்ப்யூட்டர் அவருடைய ஆபீஸ் அறையில் இருந்தது. தசராவுக்கு மானிட்டரின் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிரவில்லை. மற்றபடி அதற்கு இதுவரை வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுலோசனா ஃபிளாப்பிகளோடு போய், மண்டபத் தேதிகளைப் பதிவுசெய்யும் தன் புரோகிராமை ஏற்றி முடித்தபோது, அறைக்குள் ஒரு சண்டை நுழைந்தது.

"தை மாசம் அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும் சார். பையனுக்கு முகூர்த்தம் பாத்தாச்சு" என்றபடி முன்னால் வந்தவர் சேகரன். அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை.

அவர் முதுகிலேயே இடித்துக்கொண்டு வந்தவர் சித்தையன். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்தில் வியாபாரம், நிலம் எல்லாம் உண்டு. "ஏனுங்க, அந்தத் தேதியத்தான் நானும் கேக்கறேன். எம் பொண்ணுக்குக் கல்யாணமுங்க. பஸ்ஸேறி இம்புட்டுத் தூரம் வந்தவனுக்குப் பதில் சொல்லிப்போட்டு அப்புறம் உள்ளூர்க்காரருக்குச் சொல்லுங்க."

"பஸ் ஏறினவங்களுக்கெல்லாம் மண்டபமா? நான்கூட பஸ்லதான் வந்தேன்."

"எந்தப் பஸ்ஸு? அசோகபுரத்துல ஏறி ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கறதெல்லாம் ஒரு பஸ்ஸுங்களா?"

"ஸ்வல்ப சும்மா இருங்கோ ரெண்டு பேரும்" என்றார் சாம்பசிவன். "யாருக்கு உண்டு, யாருக்கு இல்லேன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அதுக்கு நம்மூர், வெளியூர் கிடையாது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுலோசனா மவுஸ் என்கிற எலியை நகர்த்திக் காட்டினாள். திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. சாம்பசிவனின் முதுகு நிமிர்ந்தது. எழுந்து நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் சுவத்துப் பக்கம் திரும்புங்கோ."

"எதுக்குங்க?"

"பாஸ்வேர்டு போடப் போறேன். ரகசியம். மல்லப்பா, நீயும்தான்."

மண்டபத்தின் வாட்ச்மேன் மல்லப்பன் வாசற்படியில் நின்றவாறே, "ஆயித்து சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினான். சேகரனும் சித்தையனும் ஒருவரை ஒருவர் முறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். சுலோசனாவும் திரும்பினாள். அந்தப் பாஸ்வேர்டை அவருக்கு அமைத்துக் கொடுத்ததே அவள்தான் என்றாலும், திரும்பாமல் நிற்பது மரியாதையாகத் தோன்றவில்லை.

பின்னால் ஒற்றை விரல் விசைப்பலகையில் இறங்கும் ஓசை கேட்டது. கூடவே சாம்பசிவனின் குரலும் கேட்டது. எதைத் தட்டினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவர் வழக்கம்.

"ஜி... யூ... ஏ..."

அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆர்... ஆர் எங்கே போச்சு? இப்பத்தான் இங்கே இருந்தது."

"மேல் வரிசை சார், இடது கைப் பக்கம்" என்றான் மல்லப்பன், சுவரைப் பார்த்தபடியே.

"ஆங். ஆர்... டி. ஆச்சு. திரும்பலாம்."

எல்லோரும் திரும்பினார்கள். யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. ரகசியம் காப்பாற்றப்பட்ட திருப்தி சாம்பசிவன் முகத்தில் மட்டும் தெரிந்தது.

அடுத்து தேதிகளின் ஜன்னலைத் திறந்தார். மறுபடியும் கட்டம் வந்தது. 'இது எதுக்கு இன்னொரு தரம்?' என்று இதோ கேட்கப் போகிறார் என்று சுலோசனா விரல்களை மடக்கிக்கொண்டாள். ஆனால் சாம்பசிவனுக்கு அதில் எந்த வியப்பும் இல்லை. "சுவர்" என்றார். நான்கு பேரும் திரும்பினார்கள்.

"ஜி... யூ..."

சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. பார்ப்பதற்கு அதைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. சித்தையன் மெல்ல வாயைத் திறந்தார்.

"இதென்னங்க, வீட்டுப்பாடம் எழுதாத பசங்க மாதிரி நிக்க வெச்சுட்டாரு."

சேகரனுக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்காரன் என்பதால் அடக்கிக்கொண்டார்.

வாடிக்கையாளர் விவரம் என்ற ஜன்னலைத் திறந்ததும் மூன்றாம் முறை திரும்பினார்கள். இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டம் வந்ததுமே கால்கள் தாமாக நகர்ந்தன.

"முகூர்த்தம் எப்பங்க உங்களுக்கு?" என்று காலண்டரைக் கேட்டார் சித்தையன்.

"விடியக்காலம். மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்பிட்டா முடிஞ்சது. உங்களுக்கு?"

"எங்களுக்குத் தாலி கட்டறது மாதேஸ்வரன் மலையிலங்க. அது வேண்டுதலு. வெள்ளனே கட்டிப்போட்டுக் கிளம்புனா சாயங்காலம் இங்க வந்துருவோம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் பூராவும் மைசூருதான். அவங்களுக்கு ராத்திரி விருந்து வைக்கோணும்."

"அப்ப காலையில உங்களுக்கு மண்டபம் எதுக்கு?"

"நான் எப்பங்க காலையில வேணும்னேன்? தேதிதானுங்க கேட்டேன்."

சேகரன் சுவரை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சுவர்!" என்றார் சாம்பசிவன் பின்னாலிருந்து. "இன்னும் 'டி' போடலை."

அறைகளின் ஜன்னலுக்கும் அதே மாதிரி நடந்தது. பாத்திரங்களின் ஜன்னலைத் திறந்து, ஐந்தாம் முறையாக எழுத்துகளைத் தட்டி முடித்தபோதுதான் கம்ப்யூட்டர் டங்கென்று ஒரு சத்தம் போட்டது. சாம்பசிவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மேக்ஸிமம் யூசர்ஸ் எக்ஸீடட்." சற்று யோசித்தார். "ஆள் ஜாஸ்தி ஆயிட்டாளாம்."

அறையில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தார். "மல்லப்பா, வெளியில போ."

வகுப்பில் கொடுத்த டேட்டாபேஸ் பழகுவதற்கான பிரதி. ஒரே சமயத்தில் நான்கு பேருக்கு மேல் உள்ளே விடாது. அது இப்போதுதான் சுலோசனாவுக்கு நினைவு வந்தது. ஒட்டிவைத்த ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு ஆளாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் சாம்பசிவன் ஒருவர்தான். ஆனால் உள்ளே அவர் ஏற்கெனவே நான்கு பேராகிவிட்டார். ஐந்தாவது சாம்பசிவனுக்கு இடமில்லை.

"சார், அது வந்து..."

"நீ இரு. நீ மெக்கானிக்." சாம்பசிவன் மறுபடி தட்டினார். மறுபடியும் டங். "இன்னும் ஜாஸ்திதான். நீங்க ரெண்டு பேரும் வெளியில போய்ப் படிக்கட்டுல உக்காருங்கோ."

இருவரும் போனார்கள். அந்த இடைவெளியில் சுலோசனா திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் ஓசைப்படாமல் மூடினாள். சாம்பசிவன் மூன்றாவது முறை தட்டியதும் பாத்திரங்களின் ஜன்னல் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"பாத்தியா! மூணு பேர் வெளியில போனதும் எப்படித் தெரிஞ்சுது பாரு அதுக்கு!"

விளக்கிவிடலாம் என்று சுலோசனா இரண்டு முறை வாயைத் திறந்தாள். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து இரண்டு முறையும் மூடிக்கொண்டாள். இதை அன்றைய தவறுகளில் சேர்த்து எழுத வேண்டும் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டாள்.

படிக்கட்டிலிருந்து திரும்பி வந்த இருவரும் வேறு ஆட்களாக இருந்தார்கள். மல்லப்பன் வாங்கி வந்த காபியைப் பாதிப்பாதியாகக் குடித்திருந்தார்கள். காலை சேகரனுக்கு, மாலை சித்தையனுக்கு. சமையல்காரர் இருவருக்கும் ஒருவரே. காலையில் கட்டும் மாவிலைத் தோரணம் மாலையிலும் இருக்கட்டும், பூ மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள்.

சாம்பசிவன் அதை அப்படியே பதிந்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டிக் கொடுத்தார். "இத்தனை வருஷமா முகூர்த்த நாள்ல இந்த அறையில நடக்காத சண்டை இல்லை. பெஞ்சே ஒடைஞ்சிருக்கு. இன்னிக்குப் பாரு, தானா தீர்ந்துது. அடுத்த ஞாயிறு கடிதாசியைக் கொண்டு வா சுலோசனா, கையெழுத்துப் போடறேன்."

திங்கட்கிழமை மாலை வகுப்பில் கௌரிசங்கர் புரோகிராமைப் பார்த்தார். அவர் மாணவர்களைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். அதை ஈடுகட்ட யாரிடமும் முழு வாக்கியமாகப் பேச மாட்டார். முதல் கட்டத்துக்குப் பாஸ்வேர்டைத் தட்டினார். இரண்டாவதற்கும் தட்டினார். மூன்றாவது கட்டம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"என்ன இது?"

"லாகின், சார்."

"அது தெரியுது. எத்தனை?"

"ஜன்னலுக்கு ஒண்ணு, சார்."

"வீட்டுல சமையல்கட்டுக்குப் போகணும்னா தனிச் சாவியா? பாத்ரூமுக்குத் தனிச் சாவியா?"

அப்பாவுக்குக் கொடுத்த ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கள் வீட்டின் பாத்ரூமுக்குக் கதவே சரியாகச் சாத்தாது என்று சுலோசனாவுக்கு நினைவு வந்தது.

"மண்டபத்துல அவங்களுக்குப் பிடிச்சிருந்தது, சார்."

"பிடிக்கும். தப்பு தப்புதான். எடுத்துட்டு வா. அப்பறம் கடிதம்." எழுந்தவர் கதவருகே நின்று, "எஃப் ஒன் அமுத்து. எல்லாம் அதுல இருக்கு" என்றார்.

எஃப் ஒன் அமுத்தினால் வரும் உதவிப் பக்கங்களைச் சுலோசனா ஏற்கெனவே இரண்டு முறை படித்திருந்தாள். எல்லாம் அதில் இருந்தது உண்மைதான். தனக்கு வேண்டியது எது என்று தெரிந்தவருக்குத்தான் அதனால் பயன்.

வழி செவ்வாய்க்கிழமை காலை டெலிபோன் போர்டில் கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியூருக்குப் பேச இரண்டே லைன்கள். அன்று பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச் மூன்று பேருக்கும் கோயம்புத்தூரில் ஒரே டீலர் வேண்டும். மூன்று பேரும் தனித்தனியாக லைன் கேட்டார்கள். சுலோசனா எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். கோயம்புத்தூரை ஒரு முறை பிடித்தாள். பர்ச்சேஸுக்குக் கொடுத்தாள். அவர் முடித்ததும், "வெச்சுடாதீங்க சார், அக்கவுண்ட்ஸ் பேசணுமாம்" என்று லைனை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தாள். அதன்பின் டெஸ்பாட்ச். டீலர் ஒரு முறைதான் "யாருங்க?" என்று கேட்டார்.

கையில் இணைப்புக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போர்டில் மூன்று விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

இத்தனை நாளாகக் கம்பியில் செய்துவருவதைக் கம்ப்யூட்டரில் செய்யத் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தோன்றியதும் சரிதானா என்று கூடவே சந்தேகமும் வந்தது. ஆனால் அன்று மாலை எஃப் ஒன்னை அமுத்தியபோது, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். எல்லா ஜன்னல்களுக்கும் பொதுவாக நடுவில் ஒரே ஒரு பெட்டி வைத்தாள். காலையில் ஒரு முறை பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு இணைப்பைப் பிடித்துக்கொண்டால், மூடும்வரை விடாது. எந்த ஜன்னல் கேட்டாலும் அந்த இணைப்பையே கொடுக்கும். உள்ளே சாம்பசிவன் ஒருவராக மட்டும் இருப்பார்.

வியாழக்கிழமை கௌரிசங்கர் எல்லா ஜன்னல்களையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். வகுப்பில் அதுவரை யாருக்கும் "ம்" கிடைத்ததில்லை. கடிதத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலோசனா மண்டபத்துக்குப் போனபோது சேகரனும் சித்தையனும் அங்கே இருந்தார்கள். இரண்டு விருந்துக்கும் வேண்டிய பாத்திரங்களைச் சேர்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். சித்தையன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். சேகரன் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தார்.

சுலோசனா திருத்திய புரோகிராமை ஏற்றியதும் சாம்பசிவன் உட்கார்ந்தார். கட்டம் வந்தது. "சுவர்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். ஜி, யூ, ஏ, ஆர், டி. 'ஆர்' எங்கே இருக்கிறது என்பது இந்த வாரம் அவருக்குத் தெரிந்திருந்தது. மல்லப்பனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இப்ப தேதியைத் திறங்க சார்" என்றாள் சுலோசனா.

திறந்தார். ஜன்னல் வந்தது. சாம்பசிவனின் விரல் 'ஜி'க்கு மேலே தூக்கியபடி நின்றது.

"கேக்கலையே?"

"கேக்காது சார். இனிமே ஒரு தரம்தான். மத்த ஜன்னலையும் திறந்து பாருங்க."

வாடிக்கையாளர் ஜன்னல் திறந்தது. அறைகளின் ஜன்னலும் பாத்திரங்களின் ஜன்னலும் திறந்தன. டங் என்ற சத்தமே இல்லை. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. சுலோசனா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, திரும்பலாமுங்களா?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டார் சித்தையன். முதல் கட்டத்துக்காகச் சுவரைப் பார்த்து நின்றவர்களை மறுபடி இந்தப் பக்கம் திரும்பச் சொல்ல யாருக்கும் நினைவிருக்கவில்லை.

சாம்பசிவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது செல்லாது."

"ஏன் சார்?"

"சாமராஜநகர் லைன் பாத்திருக்கியா? ஒத்தை லைன். ஒரு ஸ்டேஷன்லேர்ந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போகணும்னா டிரைவர் கையில டோக்கன் இருக்கணும். நஞ்சன்கூடு வந்தா பழசைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கணும். வாங்காம வண்டி ஒரு அடி நகராது. போன வாரம் உன் புரோகிராம் அந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கேட்டது. ஆஹா, பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். இப்ப என்னடான்னா, மைசூர்ல ஒரு டோக்கன் குடுத்துட்டுச் சாமராஜநகர் வரைக்கும் போடான்னு விட்டுட்டே!"

"சார், டெலிபோன்ல அப்படித்தான். ஒரு லைனைப் பிடிச்சா எல்லாருக்கும் அதையே குடுக்கலாம். ஒவ்வொரு தரமும் புதுசாக் கூப்பிட்டா லைன் தீர்ந்துடும். போன வாரம் டங்குன்னதே அதனாலதான். ஆள் ஜாஸ்தியானதால இல்லை." ஒரு வாரமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

சாம்பசிவன் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "டெலிபோன்ல ராங் நம்பர் வந்தா சாரின்னு சொல்லி வெச்சுடலாம். ரயில்ல சாரி கிடையாதும்மா."

"எங்க சார் எடுக்கச் சொன்னார், சார். எடுத்தாத்தான் பாஸ்."

"உங்க சார் என்னிக்காவது முகூர்த்த நாள்ல இந்த நாற்காலியில உக்காந்திருக்காரா?"

சுலோசனா கடிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் பாஸ்வேர்டு கேட்டால் கௌரிசங்கர் ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்காவிட்டால் சாம்பசிவன் கையெழுத்துப் போட மாட்டார். மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பெங்களூரிலிருந்து வரும் ஆள் இப்போதே பெட்டி கட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. இரண்டு புரோகிராம் எழுதி ஆளுக்கொன்றாகக் காட்டிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எந்தத் தலைப்பில் டைரியில் எழுதுவது என்று தெரியாததால் உடனே கைவிட்டாள்.

இவர்கள் இப்படி நின்று வாதாடும்போது, நாற்காலி காலியாக இருந்தது. சித்தையன் மெல்ல வந்து அதில் உட்கார்ந்தார். தன் பெயர் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. தேதிகளின் ஜன்னல் திறந்தேதான் இருந்தது. ராமாபுரம் சித்தையன், மாலை என்று இருந்தது. பெயர் அழகாகத்தான் இருந்தது. எலியை எடுத்து அதன்மேல் ஒரு அமுக்கு அமுக்கினார். 'காலை', 'மாலை', 'முழு நாள்' என்று கேட்டது. முழுசாக இருந்தால் நல்லதுதானே என்று அதன்மேலும் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"அண்ணாச்சி," என்றார் பின்னால் நின்ற சேகரன். "என் பேரு எங்க?"

"இங்கதானுங்க இருந்துச்சு."

"இங்கதான் இருந்தது. இப்ப எங்க? உங்க பேருதான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்குது! வாழைப்பழம் குடுத்து ஏமாத்தறதுக்கா வந்தீங்க?"

"யோவ், பழத்தப் பத்திப் பேசாதய்யா! எங்க தோட்டத்துப் பழமய்யா அது!"

"பையனுக்குப் பத்திரிகை அடிச்சாச்சுய்யா!"

சத்தம் கேட்டு மல்லப்பன் ஓடி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பெஞ்சை எடுத்து வெளியில் போட்டான். 'பார்த்தாயா?' என்பதுபோல் சாம்பசிவன் சுலோசனாவைப் பார்த்தார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுலோசனா சித்தையனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அழித்ததைத் திரும்ப எழுதினாள். காலை சேகரன், மாலை சித்தையன். சேகரன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, திரையைத் தொட்டும் பார்த்தார்.

திரையைப் பார்த்தபடியே சுலோசனா கேட்டாள். "சார், ஒத்தை லைன்ல டோக்கன் எதுக்கு?"

"எதுக்குன்னா? ரெண்டு வண்டி ஒரே லைன்ல வந்துடக் கூடாதேன்னுதான்."

"பாத்திரத்துல ரெண்டு வண்டி வராது சார். ஒருத்தர் எடுத்தது போக மிச்சம் இன்னொருத்தருக்கு. விலாசத்துல வராது. தேதியிலதான் வரும். அதுவும் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கற தேதியில இன்னொருத்தர் கை வெக்கறப்பதான்." திரும்பி அவரைப் பார்த்தாள். "அங்க மட்டும் கேட்டாப் போதுமா? இணைப்பு காலையில பிடிச்சது அப்படியே இருக்கும். புதுசா லைன் எடுக்காது. பேர் இருக்கற தேதியைத் தொட்டா மட்டும் கட்டம் வரும். நீங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் மாறும். எங்க சாரும் இதை வேண்டாம்னு சொல்ல மாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்ல மாட்டார்னு நினைக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சாம்பசிவன் மனதுக்குள் சாமராஜநகர் வரை ஒரு முறை போய்வந்தார்.

"கிராஸிங்ல மட்டும் டோக்கன்."

"ஆமா சார்."

"அப்ப எல்லாரும் திரும்பணும்."

"கண்டிப்பாத் திரும்பணும் சார். சண்டை வர்ற இடம் அதுதானே."

"நானும் திரும்பிக்கறேனுங்க" என்றார் சித்தையன், குற்றம் செய்தவரின் பணிவோடு. "இந்தச் சாமானத்தை இனித் தொட மாட்டேனுங்க. சேகரு, பழத்தை எடுத்துக்க சாமி."

சேகரன் உடனே எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, ஒரு பழத்தை மட்டும் பிய்த்துக்கொண்டார்.

சாம்பசிவன் கடிதத்தை இழுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சுலோசனா கையை நீட்டினாள். அவர் கடிதத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வண்டி வரட்டும். வந்ததும் டோக்கன் தரேன்."

1997 நவம்பர் 23, ஞாயிறு.

கடிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் அது டிராயருக்குள் இருக்கிறது. இன்றைய தவறு: பெயர் இருக்கும் தேதியை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று விட்டிருந்தது. இதை நானும் கவனிக்கவில்லை, கௌரிசங்கர் சாரும் கவனிக்கவில்லை. அவர் கவனிக்காததை எழுதியது தவறா என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

GUARD என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றினாலும் புதியதை அவர் சத்தமாகச் சொல்லித்தான் தட்டுவார். அதற்கு எஃப் ஒன்னில் எதுவும் இல்லை.

நாளை: வகுப்புக்குச் சீக்கிரம் போக வேண்டும். தேதி ஜன்னலில் மட்டும், ஏற்கெனவே பெயர் இருந்தால் மட்டும், பாஸ்வேர்டு கேட்கும்படி எழுத வேண்டும். எதையும் நகலெடுத்து ஒட்டக் கூடாது.